ஏழாவது ஷரத்தும் பின்பக்கச் சுவரும்

ஏற்காடு,
24-10-2025, வெள்ளிக்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. செல்வராஜ் அவர்கள் சமூகத்துக்கு ஞானசுந்தரம் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். கலாவதி, இருமல் நீங்கலாக நலம். தாங்கள் பெரிய மனது வைத்து எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீடு, பின்பக்கச் சுவர் நீங்கலாக நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை அருண்குமாரும், எட்டாவது மாதம் நடக்கும் எங்கள் மகள் காயத்ரியும் எதுவும் நீங்கலாக இல்லாமல் முழு நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். செவ்வாய்ப்பேட்டையில் தங்கள் பெயிண்ட் கடைக்குத் தீபாவளி வியாபாரம் நன்றாக இருந்ததாக மாப்பிள்ளை சொன்னார். மிக்க சந்தோஷம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் தாங்கள் "சொல்லுங்க சம்பந்தி" என்று எடுத்ததும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. "சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஆள் வருகையும் மழை அளவும் எழுதியவன். எனக்கு வாயைவிடக் கைதான் நன்றாகப் பேசும். தயவுசெய்து இதைக் காயத்ரியின் கண்ணில் படாமல் படிக்கவும்.

நிற்க. விஷயம் சுவர்.

தாங்கள் இந்த வீட்டை முதலில் வாரக்கடைசிக்கு வரும் டூரிஸ்ட்டுகளுக்கு விட்டீர்கள். வந்தவர்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மத்தியானம் வரை இருக்க உரிமை இருந்தும் காலை ஆறு மணிக்கே கிளம்பிப் போனார்கள் என்பது இந்தத் தெருவே அறிந்தது. அதன்பிறகுதான் நான் ரிட்டயர் ஆகி எஸ்டேட் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது, தாங்களும் "வெளிய எதுக்குங்க ஊடு தேடறீங்க, நம்முளுது சும்மாதான கெடக்குது" என்று கூப்பிட்டுக் கொடுத்தீர்கள். அந்த உதவியை நான் மறக்கவில்லை. போன வருஷம் குடிவந்த முதல் மழையில், பின் அறைச் சுவரில் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்துக்கு ஓதம் ஏறியது. ஆடிக்கு இடுப்பளவு வந்தது. புரட்டாசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூசணம் கிளம்பி, எனக்கும் கலாவதிக்கும் நடுவில் படுத்துக்கொள்ளும் அளவுக்குச் சொந்தம் கொண்டாட ஆரம்பித்தது. நான் தங்களிடம் சொன்னேன், தாங்கள் உடனே ஒரு வாளி வெள்ளைப் பெயிண்ட் அனுப்பினீர்கள். அடித்தோம், இருபது நாளில் பூசணம் வெள்ளைக்கு மேலே வந்துவிட்டது. மறுபடி சொன்னேன், தாங்கள் சந்தன நிறம் அனுப்பினீர்கள். அதற்குப் பதினைந்து நாள். மூன்றாவது முறை, யாரோ கலவை தப்பிப்போய்த் திருப்பிக் கொடுத்த ரோஸ் பெயிண்ட் வந்தது. அந்த ரோஸ் மேல் கறுப்புப் புள்ளிகள் வந்தபோது எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு டிசைன் நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். தங்கள் கடைப் பெயரைச் சொன்னேன்.

அந்தச் சுவரில் காயத்ரி கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருந்தோம். பூசணம் கண்ணாடிக்குள் புகுந்ததைச் சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கும் படத்தில் அது என்னையோ என் தம்பியையோ தொட்டிருக்கலாம். நேராகத் தங்கள் மீசைக்குத்தான் வந்தது. மீசை முதலில் நரைத்தது, பிறகு பச்சையானது, இந்த வருஷ ஆவணி முடிவதற்குள் கழுத்துவரை போய்விட்டது. கலாவதி பதறிப்போய்ப் பஞ்சில் துடைக்க, மீசையோடு பாதி முகமும் பஞ்சில் வந்துவிட்டது. இதற்காக இருவரும் தங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். படத்தில் மாப்பிள்ளை முழுதாக இருக்கிறார்.

தாங்களும் சும்மா இருக்கவில்லை. இதெல்லாம் குடியிருக்கிறவர்கள் புழங்குவதில் வருவது என்று வாட்ஸப்பில் வழிமுறைகள் அனுப்பினீர்கள். வீட்டுக்குள் துணி காயப்போடக் கூடாது என்றீர்கள். வெளியே காயப்போட்ட துணி பதினொரு நாள் கொடியில் கிடந்து, எடுக்கும்போது போட்டதைவிடக் கனமாக இருந்தது. சோற்றுப் பானையை மூடி வைத்துப் பொங்கச் சொன்னீர்கள். வெந்நீர் வைக்காமல் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னீர்கள், ஐப்பசி மாதம் ஏற்காட்டில் அதையும் நான் நான்கு நாள் செய்தேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னீர்கள். திறந்தால் மேகம் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது, வந்தவர்களை எழுந்து போகச் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. மூச்சு விடுவதால்கூடச் சுவரில் ஈரம் சேரும் என்று கடைசியாக ஒரு வீடியோ அனுப்பியிருந்தீர்கள். அதைப் பார்த்த அன்று கலாவதி, "ஏனுங்க, அதையும் நிறுத்திரட்டுங்களா?" என்று கேட்டாள். இருமிக்கொண்டே கேட்டதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு மேஸ்திரி ஆண்டனி ராஜைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சுவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "மேட்டு மண்ணு ஜன்னல் மட்டத்துக்கு நிக்குதுங்க. மலைல பேயற தண்ணி பூரா இந்தச் செவுத்துமேலதானுங்க சாஞ்சு நிக்குது. பின்னாடி மண்ண வெட்டி எடுத்துட்டு வாய்க்கா போட்டு உடணும். அத உட்டுப்போட்டு நீங்க பெயிண்ட் அடிக்கறது காச்சக்காரனுக்குப் பவுடர் பூசற மாதிரிங்க." மண்ணும் தங்களுடையது, மேடும் தங்களுடையது, அதனால் தங்களிடம்தான் கேட்டேன். தாங்கள் பதில் எழுதவில்லை. வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்தைப் படம் எடுத்து அனுப்பினீர்கள்.

சம்பந்தி, அந்த ஷரத்தைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அது என் கையெழுத்து. ஒப்பந்தமெல்லாம் நமக்குள் எதற்கு என்றுதான் தாங்களும் சொன்னீர்கள், ஆடிட்டர் கேட்கிறார் என்பதற்காக, "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமாமே, நீங்களே எழுதிருங்க சம்பந்தி" என்றீர்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். ஆறு ஷரத்து வரை ஊர் உலகத்தில் எல்லோரும் எழுதுகிற மாதிரிதான் எழுதினேன், கட்டடப் பழுது உரிமையாளர் பொறுப்பு, பல்பு, குழாய் வாஷர் குடியிருப்பவர் பொறுப்பு என்று. ஏழாவதுக்கு வந்தபோது எனக்குள் இருந்த பெண்ணைப் பெற்ற தகப்பன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். அப்போது காயத்ரி தங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 'மேற்சொன்னவை எப்படி இருந்தபோதிலும், சுவர், தரை, கூரை உள்பட சகல பழுதுகளையும் குடியிருப்பவரே தம் பொறுப்பில் சரிசெய்துகொள்வார், உரிமையாளரை எக்காரணம் கொண்டும் தொந்தரவு செய்யமாட்டார்' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். தாங்கள் படித்துவிட்டு "இவ்வளவு எதுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். மரியாதைக்கு எழுதியதைத் தாங்கள் சட்டமாகப் படிப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பந்தியில் 'போதும் போதும்' என்று சொன்னவன் இலையை நிஜமாகவே எடுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது எனக்கு.

இன்னொன்றும் என் தப்புதான், அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த மே மாதம் தாங்களும் சம்பந்தியம்மாவும் மலர்க் கண்காட்சி பார்க்க வந்தீர்கள். வருகிறீர்கள் என்று தெரிந்ததும் நானும் கலாவதியும் மூன்று நாள் பிளீச்சிங் பவுடர் போட்டு அந்தச் சுவரைத் தேய்த்தோம். கறை போகாத இடத்தில் ஜவுளிக்கடைக் காலண்டரை மாட்டினோம். மற்ற இடத்துக்கு அவளுடைய பட்டுப்புடவையைத் திரையாகக் கட்டி, வாடை தெரியாமலிருக்க ஊதுபத்தி ஏற்றி, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தோம். சம்பந்தி வீட்டார் வரும்போது வீட்டை அழுக்காகக் காட்ட யாருக்கு மனசு வரும்? தாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்தபடி சுற்றிப் பார்த்து, "ஊட்ட நொம்ப நல்லா வெச்சிருக்கீங்க. போன்ல என்னமோ பூசணம் பூசணம்னீங்க, எங்கீங்க அது?" என்று கேட்டீர்கள். கலாவதி திரைக்கு முன்னால் நின்றுகொண்டு, "இப்பத் தேவலாமுங்க" என்றாள். பிளீச்சிங் பவுடரில் தேய்த்த அந்த மூன்று நாளில்தான் அவளுக்கு நெஞ்சு இறுகியது என்பது என் சந்தேகம். இருமலாக வெளியே வந்தது ஆடியில்.

இருமலைப் பற்றி இதுவரை தங்களுக்குச் சொல்லவில்லை. காயத்ரி போன் பண்ணும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கொஞ்சம் நிறுத்தி, "தொண்ட கரகரங்குது கண்ணு, வேற ஒண்ணுமில்ல சாமி" என்று சொல்லிவிட்டு என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய் இருமுவாள். இங்கே டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் மருந்தை எழுதிக்கொண்டே வீட்டைப் பற்றித்தான் விசாரித்தார். "அந்த ரூம்ல இருக்கற வரைக்கும் இது போகாதும்மா. சேலம் போயி அட்மிட் ஆயி நெஞ்சப் படம் எடுத்துப் பாருங்க" என்றார். இவள் கேட்கவில்லை. "நான் போயி ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டா புள்ளைக்குப் பத்தியச் சோறு யாருங்க ஆக்கறது? கொழந்தைக்குத் தண்ணி யாரு ஊத்தறது? பேறுகாலம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு டாக்டரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். பிறந்த குழந்தையை அந்த அறையில் படுக்க வைக்கலாமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "பெரியவங்களுக்கே இந்த மாதிரி இழுக்குது. பிஞ்சு நுரையீரல் என்னங்க பண்ணும்?" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். கார்த்திகை மூன்றாம் தேதி வளைகாப்பு, அன்று சாயங்காலமே தலைப்பிரசவத்துக்குக் காயத்ரியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று தாங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். முறை அதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பந்தி, தாய்வீடு என்பது தங்களுடைய இந்த வீடுதான். படுக்கை அறை ஒன்றே ஒன்று. தொட்டில் கொக்கி இருப்பது அந்தச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. குழந்தைக்கென்று கலாவதி தன் பழைய நூல் புடவைகளைக் கிழித்து மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். போன வாரம் திறந்தால் மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் புள்ளி. சோடா போட்டு மூன்று தடவை வேகவைத்து அலசினாள். புள்ளி போகவில்லை. "மை தெளிச்சாப்ல இருக்குது, இதுல எப்படீங்க புள்ளையப் போடறது?" என்று கேட்டுவிட்டு அதையே திரும்பவும் மடித்து வைத்தாள். இந்த வயதில் எனக்கு அழுகை வந்தது, தங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

பின்பக்கம் வாய்க்கால் வெட்ட ஆண்டனி ராஜ் நாளைக்கே ஆள் கூட்டி வரத் தயாராக இருக்கிறார். ஏழாவது ஷரத்துப்படி எல்லாம் என் பொறுப்பிலேயே செய்கிறேன் என்றுதான் போன வாரம் தங்களிடம் கேட்டேன். தாங்கள், "ஊட்டு மருமவ முழுகாம இருக்கறப்ப மண்ணத் தோண்டலாமுங்களா? எங்க வம்சத்துல அந்த வழக்கமே இல்லீங்க. கொழந்த பொறந்து மூணு மாசம் போவட்டும்" என்றீர்கள். ஆக, காயத்ரி மாசமாக இருப்பதால் சுவரைத் தொடக் கூடாது, காயத்ரி மாசமாக இருப்பதால் அந்தச் சுவருக்கு அருகில் வந்துதான் படுக்க வேண்டும். நான் இதை எத்தனை தடவை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாலும் நடுவில் ஒரு ஆள் நுழையச் சந்து கிடைக்கவில்லை. பிரசவம் அங்கேயே ஆகட்டும், கலாவதி வந்து கூட இருக்கட்டும் என்றும் கேட்டுப் பார்த்தேன். பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டில் மூன்று மாதம் தங்கினால் ஊர் என்ன பேசும் என்றீர்கள். ஊர் பேசும்தான். ஊருக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது.

ஆகவே தங்கள் காலைத் தொட்டுக் கேட்பதாக வைத்துக்கொள்ளவும். ஒன்று, வாய்க்கால் வெட்டவும் அந்தச் சுவரைக் கொத்திப் பூசவும் சம்மதம் தர வேண்டும். தோண்டுவது பாவம் என்றால் அந்தப் பாவம் என் தலையில் இறங்கட்டும், அதையும் எட்டாவது ஷரத்தாக நானே எழுதித் தருகிறேன். இல்லையென்றால் காயத்ரியை மேலே அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் முடியாதென்றால், இனி பெயிண்ட் மட்டும் அனுப்ப வேண்டாம். பிறக்கப்போவது தங்கள் வம்சம், எனக்கு வெறும் பேரன் பேத்திதான்.

எழுத்தில் எங்காவது மரியாதை குறைந்திருந்தால் அதற்கு நானே காரணம், கலாவதிக்கும் காயத்ரிக்கும் இதில் சம்பந்தமில்லை. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசி. காயத்ரிக்கு, வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து, இரண்டு மடங்கு ஆசி. தங்கள் குடும்பமும் கடையும் எப்போதும் காய்ந்த இடத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்குத்
தங்கள் சம்பந்தியும் வாடகைதாரனுமாகிய,
ஞானசுந்தரம்.

பின்குறிப்பு: 28-10-2025, செவ்வாய், சேலம். மேலே சுவர் பற்றியும் வாய்க்கால் பற்றியும் காயத்ரி பற்றியும் கேட்டிருக்கும் எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். இப்போது எதுவும் தேவைப்படவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை விடாததால் கடிதத்தைப் போடாமல் மேஜை மேல் வைத்திருந்தேன். கலாவதி எடுத்துப் படித்துவிட்டாள். "முத்து முத்தாத்தான் எழுதியிருக்கீங்க. மறுபடியும் ஏழாவது போட்டோவத்தான் அனுப்புவாங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என்னயக் கொண்டுபோயி ஆஸ்பத்திரில சேத்துருங்க" என்றாள். இத்தனை நாள் கெஞ்சியும் வராதவளுக்கு இன்றைக்கு என்ன என்று கேட்டேன். "தாயி இல்லாத ஊட்டுக்குத் தலப்பிரசவத்துக்கு யாருங்க அனுப்புவாங்க? அனுப்பினா ஊரு பேசும். நான் போயிப் படுத்துக்கிட்டா அவங்களே புள்ளைய அங்கயே வெச்சுக்குவாங்க" என்றாள். முப்பத்தொரு வருஷம் ரைட்டராக இருந்த எனக்குக் கிடைக்காத சந்து அவளுக்குக் கிடைத்திருந்தது.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். அடிவாரம் வந்து வெயில் பட்டதும் அவளே சிரித்து, "பத்து நாளு சும்மா படுத்துக் கெடந்துட்டு வந்துரலாமுங்க" என்றாள். பொய்க்குப் படுக்கலாம் என்று வந்தவளை டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நிஜத்துக்கே படுக்க வைத்துவிட்டார். ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று என்னைத்தான் திட்டினார். எத்தனை நாள் என்று சொல்ல முடியாதாம். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். இனி அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாதாம்.

ஆகவே, தாய்வீட்டில் இப்போது தாய் இல்லை என்பதைத் தங்களுக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டுச் சாவி ஆண்டனி ராஜிடம் இருக்கிறது. காயத்ரியிடம் அம்மாவுக்குத் தொண்டை கரகரப்பு என்று மட்டும் சொல்லவும், கலாவதி சொல்லச் சொன்னாள். கட்டிலை அவளே கேட்டுச் சுவரோரமாக இழுத்துப் போடச் சொல்லியிருக்கிறாள். படுத்தபடியே உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, குழாயோடு என் பக்கம் திரும்பி, "எம்புட்டுக் காஞ்சு கெடக்குது பாருங்க" என்றாள்.